கடலடியில் ஒரு மாப்பிள்ளை

கூட்டம் கொட்டாவி விட ஆரம்பித்துவிட்டது.

இருட்டிலும் சபாபதிக்கு அது தெரிந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையின் ஜன்னல்களையெல்லாம் கோணிச் சாக்கால் அடைத்து, ஞாயிற்றுக்கிழமை வெயிலை வெளியே நிறுத்திவிட்டு, பட்டப்பகலில் ஒரு ராத்திரியை உண்டாக்கி வைத்திருந்தார்கள். உள்ளே வியர்வை, வெற்றிலை, கார்பைடு வாயு எல்லாம் கலந்து ஒரு நாற்றம். பின்வரிசையில் யாரோ செருப்பைத் தேடும் சத்தம்.

செருப்பைத் தேடினால் என்ன அர்த்தம்? எழுந்து போகப் போகிறார்கள் என்று அர்த்தம்!

சபாபதி ரயில்வே சரக்கு ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. முதல் வகுப்புப் பெட்டிகளில் துரைமார் படித்துவிட்டுப் போடும் இங்கிலீஷ் சஞ்சிகைகளைப் பொறுக்கி வந்து படிப்பான். மாதம் ஒரு தரம் வாசகசாலையில் சொற்பொழிவு. போன மாதம் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசினான். முடிந்தபோது அவனும் காரியதரிசி தம்புசாமியும் மட்டும்தான் மிஞ்சினார்கள்.

“இந்தத் தடவையும் இப்படித்தான்னா, அடுத்த மாசத்திலேருந்து பஜனை வச்சிடலாம்னு கமிட்டியில பேசிக்கிறாங்க” என்று தம்புசாமி பல் குத்திக்கொண்டே சொல்லியிருந்தார். “பஜனைன்னா சுண்டலாவது கிடைக்கும் பாருங்க.”

ஆகவே இன்று சபாபதி ஆழ்கடலைக் கொண்டுவந்திருந்தான்.

“அடுத்த படம், மாப்பிள்ளை!”

கூடத்தின் பின்னால், கார்பைடு விளக்கில் படம் காட்டும் மேஜிக் லாந்தர் கிளிக்கென்றது. வெள்ளை வேட்டித் திரையில் ஒரு இரும்பு உருண்டை வந்து நின்றது.

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாலே ரெண்டு வெள்ளைக்காரங்க இதுக்குள்ளே உட்கார்ந்து, கம்பியிலே கட்டிக் கடலுக்குள்ளே இறங்கினாங்க. கால் மைல் ஆழம்! உயிரோட அவ்வளவு ஆழம் போனவன் இதுக்கு முன்னாலே எவனும் இல்லை. போகப் போக முதல்லே சிவப்பு மறைஞ்சுது, அப்புறம் மஞ்சள், அப்புறம் பச்சை. கடைசியிலே ஒரு நீலம். அதுக்கும் கீழே என்ன தெரியுமா? ஒண்ணுமே இல்லை. அங்கே பகல்னு ஒண்ணு கிடையாது.”

“நம்ம கூலி லயன் மாதிரி” என்றது ஒரு குரல்.

“மேலே நம்ம மலாயா வெயில் மண்டையைப் பிளக்கும். அதே கடல்லே ஒரு மைல் கீழே ஐஸ் பெட்டிக் குளிர். தண்ணியோட பாரம் இருக்கே, உங்க கட்டைவிரல் நகத்து மேலே நாலு ஆம்பிளை ஏறி நின்ன மாதிரி. ஆனா அங்கே இருக்கிற மீன் நசுங்காது. அது உடம்புக்குள்ளேயும் அதே தண்ணி, அதே பாரம். அடுத்த படம், மாப்பிள்ளை!”

கிளிக்.

லாந்தர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் ரெங்கசாமி. சபாபதியின் தங்கை தங்கமணியின் புருஷன். செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன். ரப்பர் விலை விழுந்து, பட்டறையில் ஆள் குறைத்தபோது அவனும் வெளியே வந்தான். அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் சபாபதியின் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். சபாபதிக்குப் பெண்டாட்டி இல்லை. போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன.

தங்கை புருஷனை மாப்பிள்ளை என்றுதானே கூப்பிட வேண்டும்? அப்படித்தான் கூப்பிட்டான். வீட்டிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான்.

“அங்கே செடி கிடையாது, பாசி கிடையாது. அப்போ சாப்பாட்டுக்கு என்ன வழி? மேலே செத்தது, அழுகினது, கழிச்சுப் போட்டது எல்லாம் தூள் தூளா ராப்பகலா இறங்கிக்கிட்டே இருக்கும். அதுதான் அங்கே மழை, அதுதான் அங்கே சோறு. அது வந்து சேர்ற வரைக்கும் பட்டினி. அதனாலே கிடைச்சதை விடறதில்லை. தன் உடம்பை விடப் பெரிய மீனை முழுங்குற மீன் இருக்கு. தன் உடம்பிலேயே விளக்கு வச்சிருக்கிற மீன் இருக்கு.”

“விளக்குக்கு எண்ணெய் யாரு ஊத்துறது, கிராணியாரே?”

கொஞ்சம் சிரிப்பு. அதுவும் உடனே அடங்கிவிட்டது. மறுபடியும் செருப்பைத் தேடும் சத்தம். கதவோரம் சாக்கு விலகி, ஒரு கோடு வெயில் உள்ளே விழுந்தது. ஒருவன் போயே போய்விட்டான்!

சபாபதி அவசரமாகக் குரலை உயர்த்தினான்.

“அடுத்த படம், மாப்பிள்ளை!”

திரையில் ஒரு விகாரமான மீன். வாய் நிறைய ஊசிப் பற்கள். நெற்றியிலிருந்து ஒரு குச்சி நீண்டு, நுனியில் ஒரு விளக்கு.

“இது பொம்பளை. நெத்தியிலேயே தூண்டில் போட்டு வச்சிருக்கு. ஆம்பிளை எங்கேன்னு கேட்பீங்க. வயித்துக்குக் கீழே பாருங்க, மிளகாய்ப் பிஞ்சு மாதிரி ஒண்ணு தொங்குதா? அதான் அவ புருஷன்!”

கூட்டம் நிமிர்ந்தது.

“அவனுக்குத் தூண்டிலும் கிடையாது, விளக்கும் கிடையாது. இருட்டிலே மோப்பம் பிடிச்சு வந்து அவளைக் கடிச்சுப் பிடிச்சிடுவான். பிடிச்சவன் பிடிச்சவன்தான். தோலோட தோல் ஒட்டிப் போகும். ரத்தத்தோட ரத்தம் கலந்துபோகும். அப்புறம் இவனுக்கு வேட்டையும் இல்லை, வேலையும் இல்லை. அவ சாப்பிட்டா இவன் வயிறு நிறைஞ்சிடும். நம்ம ஊரிலே இதுக்கு என்னங்க பேரு?”

சபாபதி நிறுத்தினான்.

“வீட்டோட மாப்பிள்ளை!”

கூடம் அதிர்ந்தது. பெஞ்சைத் தட்டினார்கள். ஒருவருக்குப் புரையேறியது. செருப்பைத் தேடியவன் செருப்பை மறந்து உட்கார்ந்தான். சபாபதியின் வாழ்நாளில் அவன் கேட்டிராத சிரிப்பு. அந்த மிதப்பிலேயே, வாய்ப் பழக்கத்தில், அடுத்த வார்த்தை வந்து விழுந்தது.

“அடுத்த படம், மாப்பிள்ளை!”



பிறகு கூடம் மொத்தமும் திரும்பியது. அத்தனை தலைகளும் பின்பக்கம்! லாந்தர் பெட்டியின் இடுக்கில் கசிந்த வெளிச்சத்தில் ரெங்கசாமியின் முகம் மட்டும் தனியாகத் தெரிந்தது. முதல் சிரிப்பு ஒன்றுமே இல்லை என்னும்படி இரண்டாவது சிரிப்பு வெடித்தது.

ரெங்கசாமியும் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்த இடத்தில் சபாபதி நிறுத்தியிருக்கலாம். பழக்கத்தில் வந்த வார்த்தையை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் ரெங்கசாமியே சிரிக்கிறானே! அப்புறம் என்ன? சபாபதி கையை நீட்டிக் காட்டினான்.

“மீனுக்காவது மோப்பம் பிடிக்கச் சொந்த மூக்கு இருக்கு. நம்ம மாப்பிள்ளை கையிலே இருக்கிற விளக்குக்குக் கார்பைடு கூட என் காசு!”

அடுத்த படம் வந்தது. கோணலாக இல்லை, தலைகீழாக இல்லை. சரியாக வந்தது.

*

திங்கட்கிழமை ஆபீஸில் சபாபதிக்கு ராஜ மரியாதை.

“மாப்பிள்ளை மீன் எப்படி இருக்கு, கிராணியாரே? மீனுக்குத் தீனி போட்டீங்களா?” ஆளாளுக்குக் கேட்டார்கள். சபாபதி கையை ஆட்டி, “சும்மா இருங்கப்பா” என்றான். இன்னும் நாலு பேர் கேட்க மாட்டார்களா என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவன் எழுந்து வந்தபோது தங்கமணி பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் முறத்தில் அரிசி. கை அரிசியில் இல்லை.

“மாப்பிள்ளை எங்கே?”

“கிள்ளானுக்குப் போயிட்டாரு.”

“கிள்ளானுக்கா? எதுக்கு?”

“ஊருக்குப் போற கப்பல்ல பேர் குடுக்க. வேலை இல்லாதவங்களை ஓசியிலே அனுப்புறாங்களே, அந்தக் கப்பல். இன்னிக்குச் சாயங்காலம் கிளம்புதாம்.”

சபாபதிக்குத் தூக்கம் போயே போய்விட்டது. அந்தக் கப்பலில் ஏறி இந்தியா போனவன் திரும்பி வருவது அவ்வளவு சுலபமில்லை. சீட்டுக்கு வழியில்லாமல்தானே போகிறான்! வருவதற்கு யார் சீட்டு எடுப்பார்கள்?

“உன்னை விட்டுட்டா?”

“கூப்பிட்டுக்கிறேன்னு சொன்னாரு. அங்கே போயி வேலை கிடைச்சதும்.” அவள் குரல் நடுங்கவில்லை. அதுதான் சபாபதிக்குப் பயமாக இருந்தது. “நேத்து பாசார்ல ஒருத்தன் அவரு சட்டை நுனியைப் பிடிச்சுக்கிட்டே பின்னாலே ஒட்டிக்கிட்டு நடந்தானாம். மீன்கடையிலேருந்து கீரைக்கடை வரைக்கும். எல்லாரும் கை தட்டினாங்களாம். ஏன்னு எனக்கு விளங்கல. அவரு சொல்ல மாட்டேன்னுட்டாரு. பக்கத்து வீட்டு மாரியாயிதான் சொன்னா, நீ ஏதோ மீன் கதை சொன்னேன்னு.”

“அது ஒண்ணும் இல்லை, தங்கம். சும்மா...”

“எனக்கும் சொல்லு.”

“என்ன?”

“ஊரே சிரிச்சுதாமே. எனக்கும் சொல்லு அண்ணே. நானும் கேக்குறேன்.”

மேடையில் வந்த கதை பின்கட்டில் வரமாட்டேன் என்றது. சபாபதி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். விளக்கு வைத்த பெண்மீன். மிளகாய்ப் பிஞ்சு மாதிரி ஆண்மீன். கடித்துப் பிடிப்பது. ஒட்டிப் போவது. “வீட்டோட” என்ற இடத்தில் நின்றுவிட்டான்.

“சொல்லு.”

சொன்னான். கார்பைடையும் சொன்னான். ஏன் சொன்னானோ, அவள் பார்வை அப்படி இருந்தது.

தங்கமணி சிரிக்கவில்லை, அழவும் இல்லை. “அந்த மீனு ஏன் அப்படிச் செய்யுது?” என்று கேட்டாள்.

“ஏன்னா?”

“உன் புஸ்தகத்துல ஏன்னு போட்டிருக்கும்ல?”

போட்டிருந்தது. சபாபதி படித்துமிருந்தான்.

“அந்த இருட்டு அவ்வளவு பெரிசு, தங்கம். பல மைல் நீந்தினாலும் தன் சாதி மீன் ஒண்ணு கண்ணுல படாது. ஆயுசுக்கும் பார்க்காமலே செத்துப்போறதுதான் அதிகம். அதனாலே ஒரு தடவை சந்திச்சா விடக்கூடாது. விட்டா மறுபடியும் கண்டுபிடிக்க முடியாது. அவ முட்டை போடற சமயத்துல அவன் இல்லேன்னா அந்த முட்டையெல்லாம் வீண். வம்சமே கிடையாது. அதுக்காகத்தான் பிடிச்சுக்குது.”

“இதைச் சொன்னியா அங்கே?”

“இல்லை.”

“ஏன்?”

“இதுக்குச் சிரிக்க மாட்டாங்க.”

தங்கமணி முறத்தைத் தள்ளி வைத்தாள்.

“போயி அவரைக் கூட்டிட்டு வா. கப்பல் கிளம்பறதுக்குள்ளே. போ!”

*

கிள்ளான் ரயில் மூன்றாம் வகுப்பில் நிற்க இடமில்லை. சபாபதி எப்படியோ ஒரு ஜன்னலோரம் பிடித்தான். எதிரே துணி மூட்டையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு ஒருவர். பாட்டுபோல் பேசும் தொண்டை. பேர் ஜெய்னுதீன் என்றும், கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் கைலி விற்பவர் என்றும் ரயில் புறப்படுவதற்குள் பெட்டி முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

“அண்ணே, வெள்ளைக் கோட்டு அண்ணே! மொகம் ஏன் இப்படி இருக்கு? ஒரு கதை சொல்லவா? நேத்துத்தான் கேட்டேன், வயிறு இன்னும் வலிக்குது.”

சபாபதி வேண்டாம் என்று சொல்வதற்குள் கதை கிளம்பிவிட்டது.

“கடலுக்கு அடியிலே ஒரு பொம்பள மீனு. எம்மாம் பெருசு? இந்த ரயில் பெட்டி தண்டி! புருஷன் மீனு சுண்டுவிரல் தண்டி. பொழப்பு கிடையாது. அவ முதுகுல ஏறி ஒட்டிக்கிட்டான். அவ ஏப்பம் விட்டா இவனுக்குப் பசியாறிடும். இதுல பாருங்க, பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கிராணி இருக்காராம். அவரு தங்கச்சி புருஷன் அப்படியே இந்த மீனுதானாம்! சோத்துக்குத் தட்டைத் தூக்கிக்கிட்டு மச்சினன் பின்னாலேயே திரிவானாம். ஒரு நாள் அந்தக் கிராணி ஆயிரம் பேரு நடுவுல அவனை மேடையிலே ஏத்திவிட்டு, ‘இதோ பாருங்க, இதுதான் அந்த மீனு’ன்னு...”

பெட்டியே குலுங்கியது. பக்கத்தில் நின்ற சீனக் கிழவர் கூட என்னவென்று தெரியாமல் சிரித்தார்.

சபாபதி வாயைத் திறந்தான். அப்படி நடக்கவில்லை, மேடையில் ஏற்றவில்லை, அந்த மனுஷன் தட்டைத் தூக்கிக்கொண்டு திரிகிறவன் இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? உங்களுக்கு எப்படித் தெரியும், அண்ணே?

ஜெய்னுதீன் அவன் முழங்காலில் தட்டினார். “என்ன அண்ணே, சிரிக்க மாட்டேங்குறீங்க? நீங்களும் வீட்டோட மாப்பிள்ளையா?”

பெட்டி முழுக்க அவனைப் பார்த்தது.

சபாபதி சிரித்தான். பல் தெரியச் சிரித்தான். ‘இல்லை, இல்லை’ என்று தலையை வேறு ஆட்டினான்.

கிள்ளானில் ஜெய்னுதீன் மூட்டையோடு இறங்கிப் போன பிறகும், துறைமுகம் வரும்வரை, அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து முழுதாக இறங்கவில்லை. தசை வலித்தது.

*

துறைமுகத்துக்குப் பக்கத்தில் கம்பி வேலி போட்ட கொட்டகை. வேலிக்கு அந்தப் பக்கம் கரும்புகை விட்டுக்கொண்டு கப்பல். வெயிலில், பேர் கொடுத்துவிட்டுக் கப்பலேறக் காத்திருக்கும் ஒரு நீண்ட வரிசை. தலைப்பாகையில்லாத தலைகள், தகரப் பெட்டிகள், சுருட்டிய பாய்கள். தோட்டங்கள் கைவிட்ட மனுஷர்கள். யாரும் பேசவில்லை.

வரிசை நடுவில் ரெங்கசாமி. தோளில் ஒரு துணிச் சுருள். அதன் நுனியில் அவனுடைய ஸ்பானர்கள் எட்டிப் பார்த்தன. வேறு சாமான் இல்லை.

அவன் சபாபதியைப் பார்த்தான். பார்த்துவிட்டு, முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்த்தான்.

சபாபதி நேரே மேஜைக்கு ஓடினான். பேர் பதிகிற கிராணி நாகையா. காதில் பென்சில், தோளில் ஈரத் துண்டு.

“அந்த ஆளை அனுப்பாதீங்க. என் தங்கச்சி புருஷன்.”

“நான் யாரையும் அனுப்பலையே! அவங்களா வந்து நிக்கிறாங்க.” நாகையா நிமிர்ந்து கூட பார்க்கவில்லை. “ஒரு வழிதான் உண்டு. வச்சுக் காப்பாத்தச் சொந்தக்காரன் இருந்தா ஓசிக் கப்பல் கிடையாது. அவன் உம்ம சோத்துலதான் இருக்கான்னு சொல்லும். பேரை அடிச்சிடுறேன்.”

“கொஞ்சம் அப்படித் தனியா வந்தீங்கன்னா...”

“தனியாவா? அந்தக் கதையே வேண்டாம். போன கப்பலுக்கு ஒருத்தன் தனியா வந்து ‘என் தம்பி’ன்னான். வரிசையில நின்னவன் ‘இவன் யாருன்னே தெரியாது’ன்னு சத்தியம் பண்றான்! துரை என்னைப் பிடிச்சுக்கிட்டாரு. மூஞ்சிக்கு மூஞ்சி, இங்கேயே, எல்லாருக்கும் கேக்குற மாதிரி. இஷ்டம் இருந்தா சொல்லும். இல்லேன்னா வழியை விடும் ஐயா.” நாகையா கையைத் தட்டினான். “ஓய், ஸ்பானர்! இங்கே வா!”

ரெங்கசாமி வந்து நின்றான்.

இரண்டு பேருக்கும் நடுவில் அந்த மேஜைதான். வரிசை முழுதும் கழுத்தை நீட்டியது.

சொன்னால் ரெங்கசாமி கப்பல் ஏற முடியாது. தங்கமணிக்குப் புருஷன் மிஞ்சுவான். சொல்லாவிட்டால் சாயங்காலம் அவன் கடலில். ஞாயிற்றுக்கிழமை இதே வார்த்தையைச் சொல்ல சபாபதிக்கு மூச்சுகூடத் தேவைப்படவில்லை. இப்போது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் ஆரம்பித்தான்.

“என் வீட்டுலதான் இருக்காரு.”

“வீடு கிடக்கட்டும். சோறு யாருது?”

“என்னுது.”

“பின்னால நிக்கிறவனுக்குக் கேக்கல.”

“என் சோறுதான்!” என்று கத்தினான் சபாபதி.

நாகையா ரெங்கசாமியின் பக்கம் திரும்பினான். “உண்மையா?”

“உண்மைதான்” என்றான் ரெங்கசாமி.

பென்சில் ஒரு கோடு இழுத்தது. தீர்ந்தது.

தீரவில்லை! வரிசையில் ஒருவன் குதித்தான். “டேய், இந்த ஸ்பானர்காரனை எனக்குத் தெரியும்டா! சாலாக் செலாத்தான்ல என் சின்னம்மா வீட்டுக்கு வந்திருந்தப்போ, ஞாயித்துக்கிழமை பிரிக்பீல்ட்ஸ்ல படம் பார்க்கப் போனேன். மீன் மாப்பிள்ளை இவன்தான்டா!”

ஊமையாக நின்ற வரிசையில் சிரிப்பு ஓடியது. தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். கேட்டவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சபாபதி வரிசையின் பக்கம் திரும்பினான். “நிறுத்துங்க! அவரை ஒண்ணும் சொல்லாதீங்க! அந்தக் கதையைக் கட்டிவிட்டது நான். தப்பு என்னுது. மேடையிலே பேசினது நான்தான்!”

சிரிப்பு நின்றது.

“நீங்கதானா அண்ணே அது!” குதித்தவன் வரிசையை விட்டு ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். “இருட்டுல மொகம் சரியாத் தெரியல! என்னமாச் சொன்னீங்க அண்ணே! வேலை போனதுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சேன். டேய், இவருதான்டா சொன்னவரு!”

இன்னும் சில கைகள் வந்தன. காய்ப்புக் காய்த்த கைகள்.

“இன்னொரு வாட்டி சொல்லுங்க அண்ணே. கப்பல்ல போறோம். சிரிச்சுட்டாவது போறோம்.”

அத்தனை கைகளுக்கு இடையில் சபாபதி எக்கிப் பார்த்தான். ரெங்கசாமி கப்பலுக்கு முதுகைக் காட்டி, வேலிக் கதவைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தான். வேகமாகவும் போகவில்லை, மெதுவாகவும் போகவில்லை.

*

கண்டல் மரங்கள் நிற்கும் சேற்றுக் கரையில் சபாபதி அவனைப் பிடித்தான். தண்ணீர் வற்றியிருந்தது. சேற்றில் நண்டுகள் ஓடின.

“மாப்பிள்ளை...” என்று ஆரம்பித்துவிட்டு, அந்த வார்த்தையிலேயே சபாபதி நின்றான். வேறு எப்படிக் கூப்பிடுவது? பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை.

“அப்படியே கூப்பிடுங்க மச்சான். அதுல என்ன இருக்கு?”

“தப்புப் பண்ணிட்டேன். வீட்டுக்கு வாங்க. தங்கம் சாப்பிடாம உட்கார்ந்திருக்கா.”

“எத்தனை பேருகிட்ட சொல்லுவீங்க தப்புப் பண்ணிட்டேன்னு? நீங்க ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவங்க என்னைத்தான் திரும்பிப் பாக்குறாங்க.”



“நீங்க சொன்னது பொய்யில்லை. உங்க சோறுதான். உங்க கார்பைடுதான். அதுக்கு நான் கோவிச்சுக்க முடியுமா?” ரெங்கசாமி தோளிலிருந்த சுருளை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். “எல்லாரும் திரும்பினாங்களே, அப்போ நானும் சிரிச்சேன் மச்சான். நீங்க பாத்தீங்க. சிரிக்காம இருந்தா ரோஷக்காரன்னு இன்னும் சிரிப்பாங்கன்னு சிரிச்சேன். பல்லைக் காட்டிக்கிட்டே அடுத்த படத்தைச் சொருகினேன். அதான் எனக்குத் தாங்கல. தங்கமணி மொகத்தை அதுக்கப்புறம் நேரா பார்க்க முடியல.”

ரயில் பெட்டியில் தானும் பல்லைக் காட்டியது சபாபதிக்கு நினைவு வந்தது. அதைச் சொல்லலாமா என்று நினைத்தான். சொல்லி என்ன ஆகப்போகிறது?

“நான் இனிமே அந்தக் கதையைச் சொல்லவே மாட்டேன்.”

“அது உங்க இஷ்டம்.” ரெங்கசாமி கப்பலைப் பார்த்தான். “அதுல ஏறவிடாம பண்ணிட்டீங்க. சரி. தெலுக் பங்லிமா காராங் பக்கம் தென்னந்தோட்டத்துல ஒரு எண்ணெய் ஆலை இருக்கு. என்ஜின் பாத்துக்க ஆள் கேட்டாங்க. சம்பளம் இப்போதைக்கு இல்லை, சோறும் ஒரு அறையும்தான். போன மாசம் வேண்டாம்னுட்டேன். இப்போ போறேன். தங்கமணிக்கு வரணும்னு இருந்தா கிள்ளான் ஸ்டேஷனுக்கு நாளைக்குக் காலை ரயில்ல வரட்டும். நான் நிப்பேன்.”

“நான் கொண்டுவந்து விடுறேன்.”

“நீங்க வராதீங்க மச்சான்.”

மரியாதையாகத்தான் சொன்னான்.

*

மறுநாள் காலை கோலாலம்பூர் ஸ்டேஷனில் தங்கமணியின் தகரப் பெட்டியைச் சபாபதியே தூக்கி வந்து ரயிலுக்குள் வைத்தான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வீட்டில் பெட்டி கட்டும்போது, பானையில் ரெண்டு வேளைக்குச் சோறு இருக்கிறது, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வை என்று சொன்னதோடு சரி.

“தங்கம்.” சபாபதி ஜன்னல் கம்பியைப் பிடித்தான். “அவருகிட்ட சொல்லு...”

“என்ன சொல்ல?”

அவனுக்குத் தெரியவில்லை. மன்னிப்பை நேற்றே சொல்லியாகிவிட்டது. அது எப்படி முடிந்ததென்றும் பார்த்தாகிவிட்டது.

“அந்த மீதிப் பாதியை நான் வாசகசாலையிலே சொல்லிடுறேன். அது ஏன் பிடிச்சுக்குதுன்னு. எல்லாரும் இருக்கும்போதே சொல்றேன்.”

அன்று காலை முதல் தடவையாகத் தங்கமணி அவனை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் கொஞ்சம் இளகியதோ? இளகியது போலத்தான் இருந்தது. ஏதோ சொல்ல உதட்டைத் திறந்தாள்.

“சபாபதி! ஓய் சபாபதி!”

பிளாட்பாரத்தில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார் காரியதரிசி தம்புசாமி. மூச்சு வாங்கியது. முகமெல்லாம் பல்.

“உங்களை எங்கெல்லாம் தேடுறது? வீடு பூட்டியிருக்கு! செந்தூல்லேருந்து ஆள் வந்திருக்கு, பட்டறைச் சங்கத்துக்காரங்க. பெரிய கூடம், நம்ம வாசகசாலை மாதிரி மூணு வைக்கலாம். கமிட்டியில பஜனைப் பேச்சே போச்சு லா! உங்க பேரைப் போட்டு நோட்டீஸ் அடிக்கப் போறாங்களாம். ஒரே ஒரு கண்டிஷன், அந்த மாப்பிள்ளை மீன் கட்டாயம் இருக்கணுமாம்.”

பெரிய கூடம். நோட்டீஸில் பேர்.

சபாபதி வேண்டாம் என்று சொல்லத்தான் போனான். சத்தியமாகச் சொல்லத்தான் போனான். ஆனால் அதற்கு முன்னால், ஒரு நொடி, அந்தக் கூடம் அவன் கண்ணில் நிறைந்தது. வரிசை வரிசையாகத் தலைகள். பெஞ்சைத் தட்டும் சத்தம். அவன் முதுகு தானாக நிமிர்ந்தது. கை தானாகக் கோட்டு நுனியை இழுத்துவிட்டது.

திரும்பினான். தங்கமணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

திறந்த உதட்டை அவள் மூடிக்கொண்டாள். ஜன்னல் பலகையை இழுத்துக் கீழே இறக்கினாள்.

விசில் ஊதியது. பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது.

“நான் போகமாட்டேன்!” சபாபதி பலகையோடு சேர்ந்து நடந்தான், பிறகு ஓடினான். “தங்கம், நான் செந்தூலுக்குப் போகமாட்டேன்! கேக்குதா? போகமாட்டேன்!”

பலகை திறக்கவில்லை. பிளாட்பாரம் முடிந்தது.

பின்னால் தம்புசாமி வந்து தோளைத் தொட்டார். “யாருகிட்டே கத்துறீங்க? தங்கச்சி ஊருக்குப் போகுதா? சரி, அது கிடக்கட்டும். செந்தூல்காரன் வெளியே காத்துக்கிட்டு இருக்கான். என்ன சொல்லட்டும்?”

“வரலைன்னு சொல்லுங்க.”

“ஏன் லா?”

சபாபதி தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். முகம் எரிந்தது. இப்போது ‘வரலை’ என்று சொன்னதைக் கேட்பதற்குத் தம்புசாமியைத் தவிர அங்கே யாரும் இல்லை.